பள்ளிக்கு முழுமையான பாதுகாப்புத் திட்டம் எழுதுவது எப்படி: முதல் சுற்று நடையிலிருந்து ஒத்திகை வரை

2011 மார்ச் 11. ஜப்பானின் இஷினோமாகி நகரில் ஒக்காவா தொடக்கப் பள்ளி. நிலம் குலுங்கி அடங்கியதும் ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பத்திரமாக மைதானத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். சுனாமி எச்சரிக்கையும் காதில் விழுந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆனால் அடுத்து எங்கே போவது என்று முடிவாகவில்லை. ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்திலேயே கழிந்தது. ஆற்றின் வழியாக ஏறி வந்த அலை 74 மாணவர்களையும், ஆசிரியர்களும் பணியாளர்களுமாக 10 பேரையும் கொண்டுபோனது.

அந்தப் பள்ளியில் பாதுகாப்புக் கையேடு இல்லாமல் இல்லை. மைதானத்திலிருந்து அடுத்துப் போக வேண்டிய இடமாக அதில் எழுதியிருந்தது பக்கத்திலுள்ள காலி இடம், பூங்கா முதலியவை. எந்தக் காலி இடம், எந்தப் பூங்கா என்று பெயர் இல்லை. தலைமை ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. 2018இல் செந்தாய் உயர் நீதிமன்றம், பேரிடருக்கு முன்பே திட்டத்தைச் சரியாக எழுதி வைக்காதது நிர்வாகத்தின் தவறு என்று தீர்ப்பளித்தது. 2019இல் ஜப்பான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

பள்ளிகளுக்குத் திட்டம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த "முதலியவை" என்ற சொல்தான் என் கண் முன்னே நிற்கும். யார், எங்கே, எந்த வழியாக, எந்தச் சாவியால் என்ற கேள்விகளுக்குப் பெயர் சொல்லிப் பதில் இருந்தால்தான் அது திட்டம். கீழே வரும் படிகள் எல்லாமே அந்தப் பதில்களைத் தேடிப் போகிற வழிதான்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

தலைமை ஆசிரியர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து எழுதுகிற திட்டத்தில் கட்டடத்தின் பாதி விஷயம் வராது. வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், சமையல் செய்பவர், வேன் ஓட்டுநர், உடற்கல்வி ஆசிரியர், அலுவலக உதவியாளர் எல்லோரும் குழுவில் வேண்டும். மோட்டார் அறைக் கதவு எப்போது திறந்து கிடக்கும் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். எந்தக் கழிப்பறைப் பக்கம் போகச் சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்பது அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குத் தெரியும். இரண்டு பெற்றோர், மூத்த வகுப்பு மாணவர் இரண்டு பேர், தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர், பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பொறுப்பு. ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று பெயர் எழுதுங்கள். முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். முடிவெடுக்கும் பொறுப்புக்கும் இதே விதிதான். "தலைமை ஆசிரியர் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்ற நிலை எந்தப் பள்ளியிலும் வரக் கூடாது. அன்றைக்கு வளாகத்தில் இருப்பவர்களில் பட்டியலில் மேலே இருப்பவர், பிள்ளைகளை வெளியேற்றச் சொல்லும் முழு அதிகாரத்தோடு இருக்க வேண்டும். இதை எழுத்தில் வைத்து நிர்வாகத்தின் கையெழுத்தும் வாங்குங்கள். பிறகு யாரும் "உன்னை யார் மணி அடிக்கச் சொன்னது?" என்று கேட்க முடியாது.

படி 2: கையில் சாவிக்கொத்தோடு ஒரு சுற்று

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதே நடக்க வேண்டும். காலியான கட்டடம் உண்மையைக் காட்டாது.

நான் உதவிய ஒரு பள்ளியில் பின்பக்க கேட்டை "அவசர வழி" என்று வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தார்கள். திறந்து காட்டச் சொன்னேன். ஒரே வளையத்தில் 14 சாவி, எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்பதாவது சாவி பூட்டுக்குள் போனது, ஆனால் திரும்பவில்லை. உள்ளே முழுக்கத் துரு. பிறகு எண்ணெய் விட்டு, கல்லால் தட்டித் திறந்தோம். கேட்டுக்கு வெளியே இடுப்பளவு முள்செடி. வரைபடத்தில் இருந்த வழி தரையில் இல்லவே இல்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: கதவு என்று எழுதுவதற்கு முன் அதை என் கையால் திறந்து, வெளியே 20 அடி நடந்து பார்த்துவிடுவேன்.

வெளியேறும் வழி. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு வழி இருக்க வேண்டும். கதவு வெளிப்புறம் திறக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் முண்டும்போது உட்புறம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. படிக்கட்டின் கீழே பழைய பெஞ்சு, விடைத்தாள் கட்டு, பெயின்ட் டப்பா அடுக்கியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் ஒரு பள்ளியின் படிக்கட்டு அடியில் கிளம்பிய தீயில் 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். கீழ்த்தளத்து நடைவழியைக் கதவு காப்பாற்றியது. மேல்தளத்தில் அப்படிக் கதவு இல்லாததால் புகை படிக்கட்டு வழியாக நேரே மேலே ஏறிவிட்டது. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் சமையல் கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகளை இழந்தோம். நாடும் காலமும் வேறு, ஆனால் எரியக்கூடிய பொருள், ஒடுங்கிய வழி, நெரிசல் என்ற மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்று சேர்ந்தன. உங்கள் கட்டடத்தில் இந்த மூன்றும் எங்கே கூடுகின்றன என்று தேடுங்கள்.

மின்சாரம், எரிவாயு. மெயின் சுவிட்ச் எங்கே என்று ஐந்து ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேருக்குத் தெரியாது என்றால் அதுவே உங்கள் முதல் வேலை. சமையல் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான மேட்டில் வைக்க வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, ஆஃப் செய்யவும் கூடாது. வாயுவுக்கு வாடை சேர்க்கும் வழக்கம் சட்டமாக்கப்பட்டதே ஒரு பள்ளி விபத்தால்தான். 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், வாடையில்லாமல் கசிந்த இயற்கை வாயு வெடித்துக் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள்.

உயரமும் தண்ணீரும். மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். கம்பி இடைவெளியில் 10 செ.மீ. விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது என்பது பல நாட்டுக் கட்டட விதிகளில் உள்ள அளவு. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பெஞ்சு கிடந்தால் சுவரின் உயரம் பாதியாகிவிடும். தரைத் தொட்டி, கிணறு, கழிவுத் தொட்டி மூடிகளைத் தட்டிப் பாருங்கள். மூடி இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, ஒரு பிள்ளை ஏறி நின்றால் தாங்குமா என்பதே கேள்வி.

மைதானம். தரையில் பொருத்தப்படாத கால்பந்து கோல் கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. கம்பம் அசைகிறதா என்று நீங்களே கையால் ஆட்டிப் பாருங்கள். சுற்றுச்சுவரில் விரிசலோ சாய்வோ இருந்தால் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

சுவருக்கு வெளியே. ஆபத்து வேலியைப் பார்த்து நிற்பதில்லை. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபேன் கிராமத்தில், பள்ளிக்கு மேலே மலையில் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு 1966 அக்டோபர் 21 அன்று சரிந்ததில் 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அந்தக் குவியல் பள்ளிக்கு ஆபத்து என்று அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருந்தது. பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலை, பெட்ரோல் நிலையம், ஏரிக்கரை, ரயில் பாதை, உயர் அழுத்தக் கம்பி எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். எழுதிய புகார்க் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது, யார் பின்தொடர்வது என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

படி 3: எதை முதலில் சரிசெய்வது

கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போடுங்கள்: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு. இரண்டும் அதிகமாக இருப்பவை மேலே வரும். பூட்டு மாற்றுவது, பெஞ்சை நகர்த்துவது, மூடி போடுவது போன்ற செலவில்லாத வேலைகளை மட்டும் மதிப்பெண் பார்க்காமல் அந்த வாரமே முடித்துவிடுங்கள். மற்றவற்றுக்குப் பொறுப்பாளர் பெயரும் தேதியும் வேண்டும்.

படி 4: ஐந்தே ஐந்து கட்டளைகள்

தீ, நிலநடுக்கம், வெள்ளம், வாயுக் கசிவு, அத்துமீறி நுழைபவர், தேனீக் கூட்டம் என்று ஆபத்துக்கு ஆபத்து தனி நடைமுறை எழுதினால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஆபத்து எதுவானாலும் பிள்ளைகள் செய்ய வேண்டியது ஐந்தில் ஒன்றுதான்.

1. வெளியே போ: தீ, கட்டடச் சேதம்.
2. உள்ளே இரு: புயல், இடி மின்னல், வெளியே நச்சுப் புகை. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மைதானத்துக்குப் போகக் கூடாது.
3. கதவடை: அத்துமீறி யாராவது நுழைந்தால். கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, ஜன்னல் பார்வையில் படாத மூலையில் அமைதியாக இருப்பது.
4. குனி, மறை, பிடி: நிலம் குலுங்கும்போது மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்வது. குலுக்கம் நின்ற பிறகே வெளியே ஓட்டம்.
5. மேலே ஏறு: வெள்ளம், சுனாமி.

ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை வையுங்கள். மின்சார மணியை மட்டும் நம்பாதீர்கள். தீப்பிடித்தால் முதலில் போவதே மின்சாரம்தான். கை மணியோ விசிலோ ஒவ்வொரு தளத்திலும் மாட்டியிருக்க வேண்டும். ஆபத்தை முதலில் பார்ப்பவர் யாரானாலும், ஆறாம் வகுப்புப் பிள்ளையானாலும், அதை அடிக்கலாம். தவறுதலாக அடித்ததற்குத் தண்டனை கிடையாது என்று காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள்.

"வெளியே போ", "மேலே ஏறு" இரண்டுக்கும் கூடும் இடம் இரண்டு குறிக்க வேண்டும். அதே 2011 மார்ச் சுனாமியின்போது ஜப்பானின் கமாய்ஷி நகரத்துப் பிள்ளைகள் முதலில் ஓடிச் சேர்ந்தது முன்பே குறித்து வைத்த இடத்துக்குத்தான். அங்கே பின்னாலிருந்த மலைச்சரிவு உதிரத் தொடங்கியதைப் பார்த்ததும், இன்னும் மேலே போனார்கள், அங்கிருந்தும் மேலே போனார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிச் சின்னவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்கள். பல ஆண்டு பழகியிருந்ததால் யாருடைய உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் இடம் பாதுகாப்பாகத் தெரியாவிட்டால் இரண்டாவது இடம் எது, அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை உங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளை நடக்கவிட்டு அளந்து எழுதுங்கள். உங்கள் நடையை வைத்து எழுதாதீர்கள்.

படி 5: தலை எண்ணுவதும், பெற்றோரிடம் ஒப்படைப்பதும்

பெரும்பாலான திட்டங்கள் மைதானத்தில் வந்து முடிந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு வகுப்புக் கதவருகிலும் ஒரு பை தொங்கட்டும். உள்ளே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பேனா, விசில், டார்ச், முதலுதவிப் பொருட்கள், ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்புமான அட்டை. எண்ணிக்கை சரியாக இருந்தால் பச்சையைத் தூக்க வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் சிவப்பு. பொறுப்பாளர் மைதான நடுவில் நின்று பார்த்தால் அரை நிமிடத்தில் நிலைமை தெரிந்துவிடும். பட்டியல் அன்றைய வருகைப் பதிவோடு பொருந்த வேண்டும். காலையில் வந்து, பாதியில் அனுமதி வாங்கி வீட்டுக்குப் போன பிள்ளையைத் தேடி யாரும் தீக்குள் போய்விடக் கூடாது. கழிப்பறை, நூலகம், லேப், மருத்துவ அறை நான்கையும் பார்த்துவிட்டு வர, பெயர் குறித்த ஆட்கள் தேவை.

ஒரு ஒத்திகையில் எல்லா அட்டையும் பச்சையாக இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். வகுப்புக்குத் திரும்பும்போது, கழிப்பறைத் தாழ்ப்பாள் இறுகிப்போய் உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டாம் வகுப்புச் சிறுமி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியர் தலை எண்ணவில்லை, "எல்லோரும் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். "வந்தாச்சு மிஸ்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தச் சிறுமியின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஒப்படைக்கும்போது கேட்டில் கூட்டம் முட்டும். பெற்றோர் வரும் வழி ஒன்று, பிள்ளைகள் நிற்கும் இடம் வேறு என்று பிரித்துவிடுங்கள். பெற்றோர் மேசையில் பெயர் சொல்ல வேண்டும். முன்பே எழுதிக் கொடுத்த பட்டியலில் இருப்பவரா என்று சரிபார்த்து, கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொண்டு, ஓர் உதவியாளர் போய்ப் பிள்ளையை அழைத்து வர வேண்டும். "பக்கத்து வீட்டு மாமா வந்திருக்கிறார்" என்று பிள்ளையே சொன்னாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் அனுப்பக் கூடாது. பெற்றோரிடம் யார் பேசுவது, குறுஞ்செய்தி என்ன வார்த்தையில் போக வேண்டும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். என்ன நடந்தது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த வாசலுக்கு வர வேண்டும் என்ற மூன்று வரி போதும்.

படி 6: எல்லோரையும் போல ஓட முடியாத பிள்ளைகள்

சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையோ செவித்திறனோ குறைந்தவர், பெருஞ்சத்தம் கேட்டால் உறைந்து உட்கார்ந்துவிடும் ஆட்டிசம் உள்ள பிள்ளை, காலில் கட்டுப் போட்டு வந்தவர் என ஒவ்வொருவருக்கும் தனித் தாள் வேண்டும். துணைக்கு இரண்டு பேர் பெயர், போகும் வழி, பிள்ளையைத் தூக்குவதானால் எப்படித் தூக்குவது. அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது அதற்குத்தான் தெரியும். எளிய தீர்வு ஒன்றும் உண்டு: அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிடுவது. இதைச் செய்யப் பள்ளிகள் ஏன் தயங்குகின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படி 7: உடல்நல அவசரம்

பேரிடர் வராமலே ஒரு பள்ளி பல ஆண்டு ஓடலாம். வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, சூடு பட்டது, எலும்பு முறிவு எல்லாம் அப்படியல்ல. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, மருந்து எங்கே இருக்கிறது என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் வாங்குங்கள். இன்ஹேலரைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

எல்லா ஆசிரியருக்கும் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். வலிப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சூடு பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, மை எதுவும் பூசக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிய வைத்து மூக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், அண்ணாந்து பார்க்க வைக்கக் கூடாது.

படி 8: மனிதர்களால் வரும் ஆபத்து

எழுத எல்லோரும் தயங்குகிற பகுதி இது. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் சுவர் ஏறிக் குதித்துத்தான் வர வேண்டும் என்றில்லை. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவராக இருப்பதே அதிகம். அதனால் பணியில் சேர்க்கும் ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபாருங்கள். வேன் உதவியாளர், தற்காலிகப் பயிற்சியாளர், சிறப்பு வகுப்பு எடுப்பவர் யாருக்கும் விலக்கு வேண்டாம். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எல்லா அறைக் கதவிலும் கண்ணாடிப் பட்டை இருக்கட்டும். பிள்ளைகளோடு தனிப்பட்ட கைப்பேசி அரட்டை கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது என்பது இதைவிட முக்கியம். குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி, அன்றே சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்துக்குத் தெரிவியுங்கள். உள்ளுக்குள்ளேயே விசாரித்துப் பேசி முடிக்கும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை என்று திட்டத்தில் தடித்த எழுத்தில் இருக்கட்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் பேசி முடித்த விஷயங்கள் இன்னொரு பிள்ளையைப் பலி கொடுத்திருக்கின்றன.

சக மாணவர் கேலி, கும்பல் சேர்ந்து ஒதுக்குவது, கைப்பேசி வழித் தொல்லை எல்லாமும் இந்தப் பகுதியிலேயே வரும். இடைவேளையில் எந்த மூலையில் ஆசிரியர் கண் படவில்லை என்று மாணவர்களையே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் குறிக்கும் இடங்களில்தான் மேற்பார்வை தேவை.

படி 9: கேட்டும் வண்டியும்

காலையும் மாலையும் அரை மணி நேரம், பள்ளியின் மிக ஆபத்தான இடம் வாசல்தான். வளாகத்துக்குள் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் எந்த வண்டியும் பின்னோக்கி நகரக் கூடாது. வேனிலிருந்து இறங்கியதும் பிள்ளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ கடக்காதபடி உதவியாளர் இறங்கி நிற்க வேண்டும். மாலையில் ஓட்டுநர் வண்டியின் கடைசி இருக்கைவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். தூங்கிப்போன பிள்ளையை உள்ளே விட்டு வண்டியைப் பூட்டிய கொடுமைகள் இந்த ஒரு பழக்கத்தால் தடுக்கக்கூடியவை.

படி 10: ஒத்திகை

முதல் ஒத்திகையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாக நடத்துங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குங்கள்: ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டு ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை, தலைமை ஆசிரியர் வெளியூர் போன நாளில் ஒரு முறை. எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது பீரியடில் மட்டும் நடத்தும் ஒத்திகை எதையும் சொல்லித் தராது. கதவடை ஒத்திகையில் மட்டும் பொய் மிரட்டல், போலித் துப்பாக்கிச் சத்தம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளைப் பயமுறுத்தி எதையும் கற்றுத்தர முடியாது.

முடிந்த பத்தாவது நிமிடத்தில் குழு கூடட்டும். ஆன நேரம், தடுமாறிய இடம், மாற்ற வேண்டியது என்று மூன்று வரி எழுதுங்கள். "ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது" என்று மட்டும் எழுதிய பதிவேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உண்மையிலேயே ஏதாவது நடந்துவிட்டால் பள்ளி மறுபடி திறக்கும் நாளுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பாடத்துக்கு எங்கே இடம், பிள்ளைகளோடு பேச யார் வருவார்கள், தூங்க முடியாமல் தவிக்கும் ஆசிரியருக்கு யார் துணை என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

படி 11: தாளில் எப்படி இருக்க வேண்டும்

முழுத் திட்டம் 30 பக்கமோ 40 பக்கமோ இருக்கட்டும். அது அலுவலகத்தில் ஒரு பிரதி, வளாகத்துக்கு வெளியே ஒரு பிரதி, தீயணைப்பு நிலையத்தில் ஒரு பிரதி. வகுப்புச் சுவரில் ஒட்டுவது ஒரே பக்கம்: ஐந்து ஓசை, இரண்டு வழி, இரண்டு கூடும் இடம், தொலைபேசி எண்கள். ஒட்டும் உயரம் பிள்ளைகளின் கண் மட்டம்.

திட்டத்தின் முதல் பக்கத்தில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகு, புதுக் கட்டடம் எழும்போது, பட்டியலில் உள்ள யாராவது வேலை மாறும்போது அந்தத் தேதி மாறும். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் நாள் பாட அட்டவணையைக் கொடுக்கும் முன், வகுப்பிலிருந்து கூடும் இடம்வரை யாராவது ஒருவர் கூடவே நடந்து காட்டுங்கள். வழியில் இருக்கும் பூட்டை அவர் கையாலேயே ஒரு முறை திறக்கச் சொல்லுங்கள்.